ஒரே பாறையைப் பத்தாயிரம் முறை வரைந்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று உங்கள் சிறுவர் இணைப்பில் கார்ட்டூன் பிறந்த கதை என்று ஒரு பக்கம் வந்திருந்தது. என்னிடம் ஓவியம் கற்க வரும் பையன் ஒருவன் அதைக் கத்தரித்துக்கொண்டு வந்து, "மிஸ், மிக்கி மவுஸ்தான் ஃபர்ஸ்ட் கார்ட்டூனாம்" என்று நீட்டினான். வாங்கிப் படித்தேன். கார்ட்டூன் படம் 1928-ல் பிறந்தது, அதற்கு முன் வந்ததெல்லாம் சத்தமில்லாத கிறுக்கல்கள் என்று இரண்டே வரியில் முடித்திருந்தீர்கள். பையனிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வரி பல்லில் மாட்டிய நார் மாதிரி அன்றிலிருந்து உறுத்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1999-லிருந்து 2007 வரை சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு டிவி தொடர்களுக்கு இங்கே படம் வரைந்து அனுப்புவோம். என் வேலைக்குப் பெயர் இன்பிட்வீன். ஒரு பாத்திரம் கையைத் தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை கீழே இருக்கும் படத்தையும் மேலே போய் நின்ற படத்தையும் சீனியர் வரைந்து கொடுப்பார். நடுவில் அந்தக் கை போகிற வழியை ஐந்து தாளிலோ ஏழு தாளிலோ நிரப்புவது நாங்கள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை. தாளின் மூன்று துளைகளையும் மாட்டி நிறுத்த பெக் பார். இடது கை விரல் இடுக்குகளில் தாள்களைச் செருகிக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி வரைய வேண்டும். கையெழுத்து போடும்போதுகூட இன்றைக்கும் என் இடது கை விரல்கள் தாளைப் பிரித்துப் பிடிக்கும். வீட்டில் கேலி செய்வார்கள்.

அந்தப் புரட்டலைச் செய்த கை என்பதால்தான் 'கிறுக்கல்' என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை.

எது முதல் என்று சண்டை பிடிக்க வரவில்லை. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன் 1906-லேயே கரும்பலகையில் முகங்களை வரைந்து கண் சிமிட்ட வைத்துவிட்டார். பாரிஸில் 1908 ஆகஸ்ட் 17 அன்று எமில் கோல் தன் 'ஃபான்டாஸ்மகோரி'யைத் திரையிட்டார். அப்போது அவருக்கு 51 வயது. காலமெல்லாம் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் போட்ட மனிதர். சுமார் 700 படங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து, பிலிமை நெகட்டிவாகவே காட்டினார். அதனால் பார்க்கிறவருக்குக் கரும்பலகையில் சாக்பீஸ் கோடு ஓடுவதுபோல் இருக்கும். மொத்தமும் இரண்டு நிமிடம்கூட ஓடாது. பாட்டில் பூவாகும். கொட்டகையில் முன் வரிசைப் பெண்மணியின் தொப்பி மறைக்கிறதென்று பின்னால் இருப்பவர் அதன் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவார். முன்னால் ஒரு பெரிய தலை வந்து உட்கார்ந்து அவதிப்பட்ட யாருக்கும் அது புரியும். நம் நாட்டில் தாதாசாகேப் பால்கேயும் 1915-ல் தீக்குச்சிகளை நகர்த்தி ஒரு குறும்படம் எடுத்தார். அதற்குப் பிரதி இல்லை.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். மறுவாரம் வகுப்புக்கு வந்த ஆறு பிள்ளைகளையும் கூடத்தில் உட்கார வைத்து, ஜன்னலை மூடி, சுவரில் வேட்டியைக் கட்டி, என் மகனுடைய சின்ன புரொஜக்டரில் 'கெர்ட்டி' என்ற டைனோசரைக் காட்டினேன். வின்சர் மெக்கே 1914-ல் எடுத்தது. நியூயார்க்கில் பத்திரிகை ஓவியர் அவர், ஞாயிற்றுக்கிழமை படக்கதைகளுக்குப் பேர்போனவர். இந்தப் படத்தை அவர் முதலில் கொட்டகைக்காக எடுக்கவில்லை, மேடைக்காக எடுத்தார். திரைக்குப் பக்கத்தில் சாட்டையுடன் தானே நின்றுகொண்டு, சர்க்கஸ்காரர் விலங்கிடம் பேசுவதுபோல் கெர்ட்டியிடம் பேசுவார். அவர் சொல்லச் சொல்ல அது செய்யும். மேடையிலிருந்து ஆப்பிளை வீசுவதுபோல் பாவனை செய்து பைக்குள் ஒளித்துவிடுவார், திரையில் கெர்ட்டி பழத்தைக் கவ்வும். கடைசியில் அவர் திரைக்குப் பின்னால் போய்விட, ஓவிய மெக்கே ஒருவர் திரைக்குள் வந்து கெர்ட்டியின் மேல் ஏறிப் போவார்.

அதனால் நான் பின்னணியில் யாரோ ஒட்டிவைத்திருந்த பியானோவை நிறுத்திவிட்டு, கையில் ஒரு மர ஸ்கேலுடன் வேட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். "கெர்ட்டி, வெளியே வாம்மா. வெட்கப்படாதே" என்றேன். குகைக்குள்ளிருந்து நீண்ட கழுத்தோடு தலை எட்டிப் பார்த்தது. "எல்லாருக்கும் வணக்கம் சொல்லு" என்றேன், குனிந்தது. காலைத் தூக்கச் சொன்னேன், தூக்கியது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அதட்ட வேண்டும் என்று முந்தின நாள் இரவு நாலு தடவை ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன், உண்மையைச் சொல்ல வேண்டுமே. பழத்துக்கு ஆப்பிள் இல்லை, சாத்துக்குடிதான் இருந்தது. வீசுவதுபோல் கையை ஆட்டிவிட்டு முந்தானைக்குள் மறைத்தேன். ஒரு பொடியன் எழுந்து போய் வேட்டிக்குப் பின்னால் தேடினான்.

கெர்ட்டி சொன்ன பேச்சு கேட்காத இடத்தில் சத்தம் போட்டு அதட்டினேன். அது அழுதது. பெரிய மலைபோல் உடம்பை வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டு அழுதது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி, "திட்டாதீங்க மிஸ், பாவம்" என்றாள். கிறுக்கலைத் திட்டினால் எந்தக் குழந்தையாவது பாவம் என்று சொல்லுமா?

அந்தப் படத்தில் இரண்டு இடங்களை நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். கெர்ட்டி நடக்கும்போது கால் வைத்த இடத்தில் தரை லேசாக அமுங்கும். வயிறு ஆடும். எடை என்று எழுதிக் காட்டாமலே எடை தெரிகிறது. இன்னொன்று, அது படுத்து இளைப்பாறும் இடம். ஒன்றுமே நடக்காது, விலா மட்டும் ஏறி இறங்கும். மூச்சு இழுக்க எவ்வளவு நேரம், விட எவ்வளவு நேரம் என்று மெக்கே கடிகாரத்தை வைத்துத் தன் மூச்சையே அளந்து பார்த்து அத்தனை தாள் போட்டார். எங்கள் ஸ்டுடியோவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே 'சும்மா இருப்பதை வரைவதுதான் கஷ்டம்' என்பது. ஓடுவதை யாரும் வரைந்துவிடலாம். மூச்சு விடுவதை ஒரு தாள் கூட்டிப் போட்டால் மாடு செருமுவதுபோல் ஆகிவிடும், ஒரு தாள் குறைந்தால் இயந்திரம் துடிப்பதுபோல் ஆகிவிடும்.

மெக்கே இன்னொன்றும் செய்தார். முதலில் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்துகொண்டு, பிறகு நடுவை நிரப்பினார். அதாவது எனக்கு எட்டு வருடம் சோறு போட்ட வேலையை அவர் அன்றைக்கே செய்துகொண்டிருந்தார். யார் கேட்டாலும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார், எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியவர் ஜான் பிரே என்ற வேறொரு கெட்டிக்காரர். அந்தக் கதைக்குள் இப்போது போகவில்லை.

போக விரும்பும் இடம் வேறு. கெர்ட்டிக்கு ஏறக்குறைய 10,000 படங்கள். அரிசித்தாள் என்று சொல்லும் மெல்லிய தாளில், ஒவ்வொன்றும் நம் பள்ளி நோட்டுப் பக்கம் அளவுக்கு. தாளுக்குத் தாள் நகராமல் இருக்க மூலைகளில் கூட்டல் குறி. (பெக் பார் மாதிரி ஏற்பாட்டை ராவுல் பாரே என்பவர் அந்தக் காலகட்டத்தில்தான் தன் ஸ்டுடியோவில் கொண்டுவந்தார்.) கெர்ட்டிக்குப் பின்னால் இருக்கிற மலை, பாறை, ஏரி, மரம் எதுவும் நகரப்போவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரைந்தே ஆக வேண்டும், வேறு வழி தெரியாத காலம். அதை வரைந்தவர் மெக்கே அல்ல. பக்கத்து வீட்டில் இருந்த ஓர் ஓவிய மாணவர். பெயர் ஜான் ஃபிட்ஸிமன்ஸ். அதே பாறையை, அதே ஏரிக்கரையை, ஆயிரக்கணக்கான தாளில் படியெடுத்தார் அந்தப் பையன்.

எவ்வளவு கவனமாகப் படியெடுத்தாலும் ஒரு கோடு இன்னொரு கோட்டின் மேல் அச்சாக உட்காராது. அதனால் படத்தில் பாறைகளின் ஓரம் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் 'கோடு கொதிக்குது' என்போம், மேற்பார்வையாளர் பார்த்தால் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் கெர்ட்டியில் அந்த நடுக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ செய்யும். நூற்றுப் பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பையனின் மணிக்கட்டு வலித்ததை நேராகப் பார்க்கிற மாதிரி. இதில் ஒரு வேடிக்கை, கெர்ட்டி வெளிவந்த அதே 1914-ன் டிசம்பரில் ஏர்ல் ஹர்ட் என்பவர் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பாத்திரத்தை அந்தத் தாளில் வரைந்து, ஒரே ஒரு பின்னணிப் படத்தின் மேல் வைத்து எடுத்தால் போதும். ஃபிட்ஸிமன்ஸ் செய்த மாதிரியான வேலை பிறகு மெல்ல மெல்லத் தேவையில்லாமல் போயிற்று.

ஃபெலிக்ஸ் பூனையைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. மிக்கிக்கு முன்னால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கார்ட்டூன் நடிகர் அவர்தான். 1919-ல் வந்தார். உடம்பு முழுக்கக் கறுப்பு அடைத்திருக்கும். அழகுக்காக மட்டும் அல்ல. கறுப்பை அடைத்துவிட்டால் உள்ளே கோடு கோடாகப் போட்டு மாரடிக்க வேண்டாம், அசைவும் திரையில் பளிச்சென்று தெரியும். தொழில் தெரிந்தவரின் சிக்கனம். வசனம் இல்லாததால் வால்தான் பேசும். யோசனை வந்தால் வால் கேள்விக்குறியாக நிற்கும், அந்தக் கேள்விக்குறியைக் கழற்றிக் கொக்கியாகவோ கம்பாகவோ பயன்படுத்திக்கொள்வார். 1923-ல் வந்த 'ஃபெலிக்ஸ் இன் ஹாலிவுட்' படத்தில் வாலைக் கைத்தடியாக்கிச் சாப்ளின் மாதிரி நடந்து காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு அங்கே வரும் ஓவியச் சாப்ளினே 'என் சரக்கைத் திருடுகிறாயா' என்று கோபிப்பார். கைகளைப் பின்னால் கட்டி, தலையைக் குனிந்து, முன்னும் பின்னும் நடந்து யோசிக்கிற ஃபெலிக்ஸின் நடையை நான் வகுப்பில் நடந்து காட்டினேன். அன்றிலிருந்து என் பிள்ளைகள் கணக்குப் போடும்போதுகூட அப்படித்தான் நடக்கிறார்களாம், ஒரு அம்மா வந்து புகார் சொன்னார்.

ஒவ்வொரு ஃபெலிக்ஸ் படத்திலும் போட்ட பெயர் ஸ்டுடியோ முதலாளி பாட் சலிவனுடையது. பொம்மை விற்ற காசும் புகழும் அவருக்கு. வரைந்தவர் ஓட்டோ மெஸ்மர். சலிவன் ஆஸ்திரேலியாக்காரர், அவர்தான் உருவாக்கினார் என்று வாதாடுகிறவர்கள் அங்கே இன்றும் உண்டு. ஆனால் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் மெஸ்மர் பக்கம்தான். முதலாளி 1933-ல் இறந்த பிறகும் மெஸ்மர் கொடி பிடிக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, அவர் கிழவரான பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போய்க் கேட்டார்கள். 1983-ல் இறந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தார். நான் வரைந்த தொடர் ஒன்று இங்கே கேபிளில் வந்தது. அக்கம்பக்கத்தவர்களைக் கூட்டி வைத்துப் பார்த்தோம். முடிவில் பெயர்கள் கடகடவென்று ஓடின. அம்மா டிவிக்கு ஒட்டி நின்று பார்த்துவிட்டு, "எங்கேடி உன் பேரு?" என்றார். எங்கள் ஸ்டுடியோவின் பெயர் மட்டும் ஒரு வரியில் வந்து போனது. நாங்கள் அங்கே அப்போது எண்பது பேர். "அடுத்த வாரம் வரும்மா" என்று சொல்லி வைத்தேன். அம்மா மூன்று வாரம் பார்த்தார்.

மாக்ஸ் ஃப்ளெய்ஷர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இடம் போதாது. தம்பி டேவுக்குக் கோமாளி வேஷம் போட்டு ஆட வைத்துப் படம் பிடித்து, அந்தப் பிலிமை ஒவ்வொரு படச் சட்டமாகக் கண்ணாடியில் விழ வைத்து மேலே தாளை வைத்து வரைந்தார். ரோட்டோஸ்கோப் என்று பெயர், 1917-ல் காப்புரிமை கிடைத்தது. அப்படி வந்த கோகோ என்ற கோமாளி மைப்புட்டியிலிருந்து ஏறி வருவான், வரைந்தவரோடு மல்லுக்கட்டுவான், கடைசியில் மைப்புட்டிக்குள்ளேயே போய்விடுவான். இன்றைக்குக் கணினியில் நடிகரின் அசைவைப் பிடித்து உருவம் செய்கிறார்களே, அதற்குத் தாத்தா இந்தக் கண்ணாடிதான்.

சத்தம் வந்ததும் உயிர் வந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். மிக்கியே ஊமையாகத்தான் பிறந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் முடித்த 'பிளேன் கிரேஸி' சத்தமில்லாமல் 1928 மே மாதம் சிலருக்குப் போட்டுக் காட்டப்பட்டது, வாங்க ஆளில்லை. நவம்பர் 18-ல் சத்தத்தோடு வந்த 'ஸ்டீம்போட் வில்லி'தான் ஓடியது. அதற்கும் முன்னாலேயே ஃப்ளெய்ஷர் சகோதரர்கள் பாட்டு வரிகளின் மேல் ஒரு பந்தைத் துள்ள விட்டுக் கொட்டகையையே சேர்ந்து பாட வைத்த படங்களில் சிலவற்றுக்குச் சத்தம் சேர்த்திருந்தார்கள். ஆக, சத்தத்திலும் மிக்கி முதல் ஆள் அல்ல. இன்னொன்று, 'பிளேன் கிரேஸி'யை ஏறக்குறையத் தனி ஆளாக வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். ஒரு நாளைக்கு 700 தாள் வரை போட்டாராம். எனக்குக் கை நன்றாக ஓடிய நாளில் 40. உங்கள் பக்கத்தில் ஐவர்க்ஸ் பெயரும் இல்லை.

சத்தம் வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியம் இல்லை. ஆனால் சத்தம் வந்தபோது சில திறமைகள் கைநழுவின என்பது என் எண்ணம். வால் கேள்விக்குறியாக வேண்டிய இடத்தில் வாயைத் திறந்து பேசிவிட்டால் முடிந்தது. நான் வேலை செய்த தொடர்களில் பாதிக்கு மேல் உதட்டசைவுதான். உடம்பு பொம்மை மாதிரி நிற்கும், வாய் மட்டும் மாறும். ஒரு நாள் முழுக்க வாய் வாயாக வரைந்துவிட்டு வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசப் பிடிக்காமல் படுத்த நாட்கள் உண்டு.

எஞ்சியது எவ்வளவு என்பதையும் பாருங்கள். அந்தக் காலப் பிலிம் நைட்ரேட். தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே மக்கியும் போகும். நம் ஊரில் நடராஜ முதலியார் எடுத்த ஊமைப்படம் 'கீசக வதம்' ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததே. கெர்ட்டி படம் தப்பித்தது, 1991-ல் அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் வரைந்த அந்தப் பத்தாயிரம் தாளில் இன்று இருப்பவை சுமார் 400. எங்கள் ஸ்டுடியோ 2007-ல் மூடியபோது, ஸ்கேன் ஆகிவிட்டதே இனி எதற்கு என்று வரைந்த தாள்களை எல்லாம் பழைய பேப்பர்காரருக்குக் கிலோ கணக்கில் போட்டார்கள். மினி லாரியில் ஏற்றும்போது நான் வாசலில் நின்றேன். ஒரு கட்டின் மேல் தாளில் இருந்தது என் கோடு. இடது பக்க வளைவில் கொஞ்சம் அழுத்தி இழுப்பேன், அந்தப் பழக்கத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு நாய் வாலை ஆட்டப் போகிறது, இன்னும் ஆட்டவில்லை, அந்தத் தாள்.

அந்தப் பையன் கத்தரித்துக் கொண்டுவந்த உங்கள் பக்கத்தை வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஓரத்தில் பிள்ளைகளே பென்சிலால் திருத்தம் எழுதியிருக்கிறார்கள்: 1906, 1908, 1914, 1919. அடுத்த ஞாயிறு இணைப்பில் நீங்களும் ஒரு சிறு திருத்தம் போட்டால் அதையும் பக்கத்தில் ஒட்டிவிடுவோம்.

கடிதம் நீண்டுவிட்டது, அப்படியே போட மாட்டீர்கள் என்று தெரியும். எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். என் அம்மா கதையை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை. ஜான் ஃபிட்ஸிமன்ஸ் பெயர் இருக்கும் வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

தங்கள் வாசகி,
வளசரவாக்கம், சென்னை - 87